கொள்கைக்காரன் மடி

திருமங்கலம்
12 ஜூலை 2025

ஜெயபாண்டி அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய புத்தகம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்து சேர்ந்தது. சத்துணவு அலுவலகத்திலிருந்து ஏதோ பதிவேடு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். உங்களிடமிருந்து என்று தெரிந்திருந்தால் வாங்கியிருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை.

படங்கள் நன்றாக இருக்கின்றன. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகும். அழகர்கோவில் கோட்டைச் சுவர், அந்தப் பழைய மாதா கோவிலின் ஜன்னல், மலைமேல் சமணர் படுக்கை, எல்லாவற்றையும் இரண்டு தடவை புரட்டினேன். சாமியே இல்லை என்கிற ஆளுக்குச் சாமி குடியிருக்கிற வீடுகள் மட்டும் இம்புட்டு அழகாகத் தெரிவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

முன்னுரையைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன். "என் தங்கையின் குழந்தைக்குக் காது குத்திய அன்று, நம்பிக்கையில்லாத ஒரு சடங்கில் தாய்மாமனாக உட்கார என் மனச்சாட்சி இடம் தரவில்லை. கொள்கைக்காக ஓர் உறவை இழந்தேன். அந்த நேரத்தில் எடுத்ததே இந்த அட்டைப்படம்."

ஓர் உறவை இழந்தீர்களாம். இழந்தது யார்? என் வீட்டுக்காரரின் குலசாமி கோயிலில், இருநூறு பேருக்கு முன்னால், ஒரு வயசுப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார மடி தேடி நின்றவள் நான். அம்மாவும் அப்பாவும் இல்லை. கூடப் பிறந்தவன் நீங்கள் ஒருவர். நீங்கள் பதினாறு கால் மண்டபத்துக்குள் ஒரு தூணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் மண்டபத்துப் படி வரைக்கும் வந்து இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஆசாரி ஊசியோடு அவசரப்படுத்த, கடைசியில் பெரியப்பா மகன் மொக்கையன் அண்ணன்தான் துண்டை உதறிவிட்டு உட்கார்ந்தார். அவர் மடியில்தான் திவ்யாவுக்குக் காது குத்தியது.

அந்தத் திவ்யாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முன்னுரையைப் படித்துவிட்டாள். அடுப்படிக்கு வந்து, "ஏம்மா, நான் மடியில உக்காந்தா மாமாவுக்குக் கொள்கை கெட்டுப்போயிருமா?" என்று கேட்டாள். நீங்கள்தான் பெரிய எழுத்தாளர் ஆயிற்றே, பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. எனக்குப் போன வருடம் மகன் பிறந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். மாமனார் பெயரையே வைத்தோம், கண்ணுச்சாமி. ஆவணியில் அதே கோயிலில் காது குத்துகிறோம். பத்திரிகையில் தாய்மாமன் என்று ஒரு பெயர் போட வேண்டும். அது உங்கள் பெயராக இருக்காது. மற்றவர்கள் சொல்லிக் கேட்க வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

முனீஸ்வரி பேயாண்டி

ஆனையூர்
18 ஜூலை 2025

முனீசு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஸ்டுடியோவைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பிரித்தால் 'நீங்கள்'. அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவள், பதினொரு வருடம் கழித்து ஒரு கடிதம் எழுதி அதில் 'நீங்கள்' என்று போட்டால் நான் யாரென்று எடுத்துக்கொள்வது?

திவ்யா கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்பதை எழுதவில்லையே.

ஆனால் என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். கோயிலுக்குப் போகிற எல்லாரும் உள்ளே இருக்கிறவரைப் பார்க்கப் போகிறார்கள். நான் அவர் இருக்கிற வீட்டைப் பார்க்கப் போகிறேன். மாதா கோவிலானாலும் பள்ளிவாசலானாலும் எனக்கு இதே கதைதான். செருப்பைக் கழற்றுகிறேன். சத்தம் போடுவதில்லை. கேட்டுக்கொண்டுதான் படம் எடுக்கிறேன். கும்பிடுவதில்லை, அவ்வளவுதான். கல்யாண ஆல்பம் போட்டுச் சோறு தின்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பார்த்துத்தான் மனசை ஆற்றிக்கொள்கிறேன். அந்த அட்டைப்படத்தைப் பார்த்தாயே, அந்தத் தூணில் கைகூப்பி நிற்கிறவர் சாமி இல்லை. மண்டபம் கட்டிக் கொடுத்த யாரோ ஒரு மனுசர். கட்டிவிட்டு நானூறு வருடமாகக் கும்பிட்ட கையை இறக்காமல் நிற்கிறார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் யாரைக் கும்பிடுகிறார் என்பது எனக்கு வேண்டாத கேள்வி.

போன மாதம் அழகர்கோவிலில் ஒரு கூத்து நடந்தது. கோபுரத்து நிழலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அம்மா தன் கைப்பிள்ளையை என்னிடம் நீட்டி, "சாமி, செத்த பிடிங்க, விழுந்து கும்பிட்டு வாரேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்த்துச் சாமி என்கிறாள்! கால் மணி நேரம் அந்தப் பிள்ளை என் கேமரா வாரைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கும் பிள்ளையைப் பிடிக்கத் தெரியும் முனீசு.

அதனால் சொல்கிறேன். கண்ணுச்சாமிக்கு நான் உட்காருகிறேன். என் கொள்கையில் இது ஒரு விதிவிலக்கு என்று வைத்துக்கொள். உனக்காக அதைத் தளர்த்திக்கொள்ளத் தயார். மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார்.

அண்ணன்
ஜெயபாண்டி

திருமங்கலம்
27 ஜூலை 2025

அண்ணே,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். அதுவும் எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்தில் வைத்துப் படித்தேன். சாம்பார் அடிபிடித்துவிட்டது. ஊரான் பிள்ளையைக் கால் மணி நேரம் தூக்கி வைத்திருந்த கதையைக் கூச்சமில்லாமல் எனக்கே எழுதுகிறாய் பார், அந்தத் துணிச்சல் உனக்குத்தான் வரும்.

அவரிடம் பேசினேன். முதலில் எழுந்து போய்விட்டார். உன் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருப்பவர் அவர், என் போனிலும் அவர்தான் தடுத்தார், நான் எடுத்துவிடவில்லை. மறுநாள் மறுபடி ஆரம்பித்தேன். பதினொரு வருடமாக அந்த வீட்டு ஆட்கள் என்னைப் பார்த்து, "தாய்மாமன் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான்" என்று கேலி பேசும்போதெல்லாம் நான் என்ன சொல்லி வாயை அடைத்தேன் தெரியுமா? "எங்கண்ணன் ஒண்ணும் ஒளியல. அவன் கொள்கைக்காரன். மனசுல இல்லாததை ஊருக்காகச் செய்ய மாட்டான்." கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். உன்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருந்த நாட்களும் உண்டு. ஆனாலும் அதைச் சொல்லும்போது மட்டும் தலை நிமிர்ந்துதான் சொன்னேன். ஊரில் எத்தனை பேருக்கு அப்படி ஓர் அண்ணன் இருக்கிறான்?

இப்போது அதே வாயால் அவரிடம் சொன்னேன். சாமி கும்பிடுகிறவன் வந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வது பெரிய விசயமில்லை. சாமியே இல்லை என்கிறவன், நமக்காகத் தன் கொள்கையை விட்டுவிட்டு வந்து உட்காருகிறான் என்றால் அவனுக்கு நாம் எம்புட்டுப் பெரிது என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, "வரட்டும். கொள்கையை விட்டுட்டு வாரவன் பெரிய மனுசன்தேன்" என்றார். அவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மொக்கையன் அண்ணனுக்கும் போன் பண்ணினேன். "ஜெயபாண்டி வந்தா அவன்தானம்மா முறை. நான் ஒதுங்கிக்கிறேன்" என்று உடனே சொல்லிவிட்டார்.

திவ்யாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்டாய். மாமா பொய்யாக நடிக்கத் தெரியாத ஆளு, அதனால்தான் அன்றைக்கு உட்காரவில்லை, உன்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. புத்தகத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள்.

அடுத்த வாரம் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. இனிஷியலோடு உன் பெயரை எழுதி அனுப்பு.

முனீசு

ஆனையூர்
3 ஆகஸ்ட் 2025

முனீசு,

பெயர் எழுதி அனுப்பச் சொன்னாய். எழுதி உறைக்குள் வைத்து ஒட்டியும் விட்டேன். பிறகு கிழித்தேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் என் பெயர் வேண்டுமா என்று நீ சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் கொள்கையும் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. இரண்டும் அந்தப் பக்கமே வரவில்லை. நான் உட்காரத்தான் வந்தேன். முதல் நாளே புது வேட்டி வாங்கி வைத்திருந்தேன். கசங்கக் கூடாது என்று பஸ்ஸில் வேட்டிப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா இல்லாத வீட்டில் நான் இருந்து செய்ய வேண்டும் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. சாமியில் நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன, மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ள என்ன நம்பிக்கை வேண்டிக் கிடக்கிறது?

பொங்கல் வைத்து முடிய நேரமாகும் என்றார்கள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று மண்டபத்துக்குள் போனேன். வெயில் அந்தத் தூணின் காலடியிலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கூப்பிய கைக்கு வரட்டும் என்று நின்றேன். நின்றவன் நின்றுவிட்டேன். ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது கேட்டது. யார் வீட்டுப் பிள்ளையோ, இந்த நேரத்தில் இப்படிக் கத்துகிறதே என்று எரிச்சல்பட்டேன். அதுதான் நடந்தது. அது திவ்யா என்று எனக்கு உறைக்கவில்லை. நீ கூப்பிட்டது சத்தியமாகக் காதில் விழவில்லை. எதன் மேல் சத்தியம் பண்ணுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை, திவ்யா மேல் பண்ணுகிறேன்.

வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருநூறு பேரும் என்னையே பார்த்தார்கள். பெரியப்பா, "எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினார். மறந்துவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு தங்கச்சி பிள்ளையை மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது பெரியப்பா" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன மாத்திரத்தில் கூட்டம் அமைதியாகிவிட்டது. திட்டியவர்கள்கூட ஓர் அடி தள்ளி நின்றார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்குச் சுகமாக இருந்தது முனீசு. அதுதான் என்னைக் கெடுத்தது. பிறகு ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது, கடைசியில் புத்தகத்திலும் அச்சடித்தேன்.

எனக்குச் சாமி இல்லை என்பது நிஜம். அதை நான் யோசித்து, படித்து, அப்பாவிடம் அடி வாங்கிச் சம்பாதித்தேன். அதைக் கொண்டுபோய் என் மறதிக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் போன கடிதத்தில் 'கொள்கையைத் தளர்த்துகிறேன்' என்று வேறு எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

நீ எனக்காக அந்த வீட்டில் தலை நிமிர்ந்து பேசியதை எழுதாமல் இருந்திருந்தால் நான் இதையும் மறைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பேன். படித்த பிறகு முடியவில்லை.

ஜெயபாண்டி

திருமங்கலம்
14 ஆகஸ்ட் 2025

அண்ணே,

ஒரு வாரமாகக் கடிதம் என் பையிலேயே இருந்தது. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

மறந்துவிட்டாயா. இதுதானா? மறந்துபோனேன் முனீசு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தக் கோயில் வாசலிலேயே உன்னை அடித்திருப்பேன். அழுதிருப்பேன். ஒரு மாசம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் தீபாவளிக்கு வந்து நின்றிருப்பாய், இலையைப் போட்டுச் சோறு வைத்திருப்பேன். சின்ன வயசில் என்னைச் சந்தையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன்தானே நீ, உன் மறதி எனக்குப் புதுசா? மறதிக்கு மன்னிப்பு உண்டு. கொள்கைக்கு மன்னிப்பு கேட்க முடியாது, கொடுக்கவும் முடியாது. அதனால்தான் பதினொரு வருடம் போச்சு. நீ சொன்ன ஒரு பொய்யை நான் தூக்கிச் சுமந்திருக்கிறேன். அதுவும் பெருமையாகச் சுமந்திருக்கிறேன்.

புது வேட்டி வாங்கி வைத்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம். அதைப் படித்துத்தான் அழுகை வந்தது.

இப்போது நான் செய்ததைக் கேள். பத்திரிகையில் மொக்கையன் அண்ணன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். யோசித்துத்தான் செய்தேன். திவ்யாவுக்கு டெங்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆறு நாள் வராந்தாவில் படுத்துக் கிடந்தவர் அவர். கண்ணுச்சாமி பிறந்த அன்று மழையில் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர். ஒதுங்கிக்கிறேன் என்று அவர் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டு, நீங்கள்தான் அண்ணே உட்காரணும் என்றேன். "ஏம்மா, அவன் என்னமும் சொன்னானா?" என்று உனக்காகத்தான் பதறினார். அந்த மடியிலிருந்து பிள்ளையை வாங்கி உன் மடியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? உங்கள் மச்சான் தூணைப் பார்த்துக்கொண்டு மறந்துவிட்டானாம் என்றா? இத்தனை வருடம் நான் பேசிய பேச்சுக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? அதனால், "எங்கண்ணன் யோசிச்சுப் பார்த்தானாம். கொள்கையை விட முடியலைன்னு எழுதிட்டான்" என்று சொல்லிவிட்டேன். அவர், "ஆளு வைராக்கியமான ஆளுதேன்" என்றார். உன் பொய் எனக்கும் உபயோகப்பட்டுவிட்டது பார்த்தாயா?

விசேசத்துக்கு வா. அவரே வரச் சொன்னார். கேமரா வேண்டாம். ஒரு சொந்தக்காரனாக வந்து பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போ. யாராவது கேட்டால் கொள்கை என்றே சொல். இனிமேல் மாற்றிச் சொல்லாதே, அசிங்கம் எனக்கு.

முனீசு

ஆனையூர்
7 செப்டம்பர் 2025

முனீசு,

விசேச வீட்டில் உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீ கண்ணுச்சாமிக்குச் சந்தனம் பூசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

ஏழு மணிக்கே வந்துவிட்டேன். எனக்கு முன்னால் மொக்கையன் அண்ணன் வந்து வேப்ப மரத்தடியில் சமுக்காளத்தை விரித்து, அதன்மேல் துண்டையும் போட்டு உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிவிட்டு, "உக்காரப்பா" என்றார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

மண்டபத்துத் தூண்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பார்த்தேன், உள்ளே போகவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து பேசினார்கள். அதுதான் எனக்குத் தண்டனையாகிவிட்டது. உன் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு, "கொள்கைன்னா இப்படில்ல இருக்கணும். தங்கச்சியே கூப்பிட்டும் அசையலையே" என்றார். மாப்பிள்ளை என்னைக் கூட்டிப் போய் முதல் பந்தியில் உட்கார வைத்து, தானே கறிக்குழம்பு ஊற்றினார். "நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க மச்சான். எனக்கு அந்தக் காலத்துல புரியல" என்றார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவர் முன்னால் நீ நிற்க முடியாது. மூடிக்கொண்டேன். இனி எனக்குச் சாகிற வரைக்கும் கொள்கைதான்.

அதற்கு முன்னால், காது குத்துகிற நேரத்தில், கூட்டத்தின் கடைசியில்தான் நின்றேன். திவ்யா ஆள்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். உன்னுடைய நடை அவளுக்கு. "மாமா, மடியில வச்சுக்கிறதுக்குத்தான கொள்கை? பக்கத்துல நிக்கலாம்ல?" என்று கேட்டாள். நிற்கலாம் என்றேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மொக்கையன் அண்ணனுக்கு வலப்பக்கம் நிறுத்தினாள்.

அப்போதுதான் கண்ணுச்சாமியை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தேன். நம்ம அப்பாவின் மூக்கு. சந்தன மொட்டையோடு என்னை நிமிர்ந்து பார்த்து, என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டுதான் இருந்தான் முனீசு, நீ அந்தப் பக்கம் திரும்பி ஆசாரியிடம் பேசிக்கொண்டிருந்தாய்.

நீங்கள் ஏற்பாடு செய்திருந்த போட்டோகிராபர் எனக்குத் தெரியாத ஆள், செக்கானூரணிப் பக்கம் போலிருக்கிறது. வேலை தெரிந்தவர். கேமராவைக் கண்ணில் வைத்தபடியே கையை ஆட்டி, "தாய்மாமன் மட்டும் இருங்க. மத்தவங்க எல்லாம் கொஞ்சம் வெளிய வாங்கண்ணே, படத்துல விழுறீங்க" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக ஊரார் வீட்டு விசேசங்களில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் பிழைக்கிறேன். பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணன்
ஜெயபாண்டி